அப்பாவின் பழைய 540 ஜீப்பை என்ன செய்வது?

கேள்வி, 9 நவம்பர் 2024

அப்பா தவறி ஏழு வருடம் ஆகிறது. அவர் ஓட்டிய 1987 மாடல் மஹிந்திரா 540 ஜீப் தண்டிக்குடியில் காப்பித் தோட்டத்து வீட்டுக் கொட்டகையில் அப்படியே நிற்கிறது. ஊரில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: பழைய பெஜோ எஞ்சினைத் தூக்கிப் போடு, டிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) டீசல் எஞ்சின் வை, வடக்கே டப்வாலியிலிருந்து புதுப் பாடி இறக்கு, மூன்று மாதத்தில் புது ஜீப். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

9 நவம்பர் 2024, இரவு

மூன்று மாதத்தில் புது ஜீப் வரும். அது உங்கள் அப்பாவின் ஜீப்பாக இருக்காது.

நான் போடிநாயக்கனூர். பள்ளி ஆசிரியர், மெக்கானிக் இல்லை. என் அப்பாவின் 1988 மாடல் 540-ஐ 2020 ஊரடங்கில் தொட்டேன், 2023 கடைசியில்தான் ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, ஒரு ஜாக்கி, நாலு மரக்கட்டை, சனி ஞாயிறு. லேத் வேலையும் வெல்டிங்கும் மட்டும் வெளியே. மூன்றரை வருடத்தில் கற்றதில் பாதி, எதை முதலில் செய்திருக்கக் கூடாது என்பதுதான்.

இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். எதையும் கழற்றாதீர்கள். முழுசாகக் கழற்றிய ஜீப்புகளில் பாதி திரும்பச் சேர்வதில்லை. எங்கள் தெருவிலேயே ஒன்று பன்னிரண்டு வருடமாக சாக்கு மூட்டைகளில் கிடக்கிறது.

10 நவம்பர் 2024

காலையில் யோசித்தபோது தோன்றியது. ஸ்பேனரை எடுக்கும் முன் காகிதத்தை எடுங்கள்.

ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தானே இருக்கிறது? உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். அந்தக் கெடு உங்களுக்கும் போய்விட்டது, எனக்கும் போய்விட்டிருந்தது. கெடு போனாலும் வழி அடைந்துவிடவில்லை. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள், மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகு படிவம் 25. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துத் தருவார்கள், வண்டியை நேரில் பார்த்துவிட்டு. 2022 ஏப்ரலில் இருந்து இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். முன்பு 600 ஆக இருந்தது.

50 வருடம் ஆன வண்டிகளுக்கு 2021-ல் தனி விதி வந்தது. விண்டேஜ் என்று தனிப் பதிவு எண் தருகிறார்கள். உங்களுடையதும் என்னுடையதும் அந்த வயதை எட்ட இன்னும் நாளிருக்கிறது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் கடைசியில் செய்தேன். வண்டி முடிந்து, பெயிண்ட் காய்ந்து, அதன் பிறகு ஆறு மாதம் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடந்தேன்.

11 நவம்பர் 2024

எஞ்சினுக்கு முன்னால் பிரேக். ஓடாத வண்டி யாரையும் ஒன்றும் செய்யாது, நிற்காத வண்டி செய்யும். உங்கள் ஊரில் சரிவு இல்லாத இடமே கிடையாது.

நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். ஏழு வருடம் நின்றதில் வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்த ஈரம்தான் துருவாகிறது. ரப்பர் கப்பை பெட்ரோலிலோ எஞ்சின் ஆயிலிலோ கழுவிவிடாதீர்கள், ஊதிப்போகும். பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள். அந்த ஆயில் பெயிண்டில் சிந்தினால் பெயிண்ட் உரிந்துவிடும், பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கட்டும்.

17 நவம்பர் 2024

எஞ்சினை எழுப்புவது பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் சாவியைத் திருகும் ஆசை வரும். திருகாதீர்கள். பேட்டரியே மாட்டாதீர்கள். நாலு நாசிலையும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுபவை) கழற்றி, ஒவ்வொரு துளையிலும் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து கொஞ்சம் ஊற்றினேன். மூன்று நாள் விட்டேன். நாலாம் நாள் கிராங்க் புல்லி நட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் அசையவில்லை. இன்னும் இரண்டு நாள். ஆறாம் நாள் மாலை ஒரு விரற்கடை அசைந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார், அப்படிக் கத்தியிருக்கிறேன்.

டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். அடியில் தண்ணீர் தேங்கி, அதன்மேல் கறுப்பாக வழவழவென்று ஒரு படலம். டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் பூஞ்சை வளரும் என்று அன்றுதான் தெரிந்தது. ரப்பர் குழாய் எல்லாம் புதிது, பில்டர் புதிது.

பிறகு ஏர் எடுப்பது, அதாவது டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. பில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்தால் நுரை நுரையாக வரும். நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை அடியுங்கள். பிறகு நாசில் பக்கத்து பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடிக்க வேண்டும். அப்போது கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் உடனே ஆஸ்பத்திரிதான், வீட்டு வைத்தியம் கிடையாது.

ஹீட்டர் பிளக் நாலையும் வெளியே எடுத்து பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். எனக்கு நாலில் மூன்று செத்திருந்தன. மலைக் குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று அப்பா கடைசி வருடங்களில் எஞ்சினைத் திட்டிக்கொண்டே இருந்தார். எஞ்சினில் பழுதே இல்லை. நாலு பிளக் மாற்றியிருந்தால் போதும். இதை நினைக்கும்போதெல்லாம் மனது கஷ்டப்படுகிறது.

19 நவம்பர் 2024

மேலே ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போனது. மன்னிக்கவும், இது ஆபத்தான விடுதல்.

ஊற்றிய ஆயில் எல்லாம் வெளியே வந்த பிறகுதான் நாசிலை மாட்ட வேண்டும். டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது மிச்சம் இருக்கும் இடம் மிகக் குறைவு. அந்த இடத்தில் திரவம் நின்றால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். நாசில் இல்லாமல், துளைகளின் மேல் பழைய துணியைப் போட்டுவிட்டு, முதலில் கையால், பிறகு செல்ஃபால் சுற்றவிடுங்கள். ஆயில் பீச்சிக்கொண்டு வரும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

1 டிசம்பர் 2024

டிஐ எஞ்சின் வாதம் சூடாகப் போகிறது. டிஐதான் வைக்க வேண்டும் என்று இங்கே எழுதிய கோத்தகிரி அண்ணன் சொல்வது நியாயம்தான். டிஐக்கு உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும், கீழ் வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். பாரம் ஏற்றிப் பிழைக்கும் வண்டிக்கு அது சரியான முடிவு. என் சித்தப்பா மாற்றினார், இருபது வருடம் ஓட்டினார்.

ஆனால் கேட்டவர் பிழைப்புக்குக் கேட்கவில்லை.

இந்த பெஜோ எஞ்சினை நான் ஏன் விடவில்லை என்று சொல்கிறேன். இதன் பெயர் எக்ஸ்டிபி 4.90. 4 சிலிண்டர், துளை 90 மில்லிமீட்டர், அதுதான் பெயர். ஓட்டம் 83 மில்லிமீட்டர், மொத்தம் 2112 சிசி. பிரெஞ்சுக்காரர்களின் வடிவம், மஹிந்திரா உரிமம் வாங்கி இங்கே கட்டியது. அது நிற்கும் சேஸும் ஆக்சிலும் அமெரிக்க வில்லிஸ் வம்சம். 1947-ல் வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்து பொருத்தத் தொடங்கிய கம்பெனி, பிறகு சிஜே-3பி என்ற மாடலைப் பல்லாண்டு இங்கேயே கட்டியது. 540 அந்த வழியில் வந்த பிள்ளை. மஹிந்திரா கையில் இரண்டும் சேர்ந்து, போடி மெட்டில் ஏலக்காய் மூட்டை சுமந்தது. எங்கள் வீட்டுக் கதை இதற்குள் இருக்கிறது. எஞ்சினை எடுத்தால் அந்தச் சத்தம் போய்விடும். அப்பா கடைசிக் கொண்டை ஊசியில் திரும்பும்போதே அம்மா உலையில் அரிசி போடுவார் என்று நாங்கள் சொல்வோம். அவ்வளவு தூரம் கேட்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் தெருமுனையில் கேட்டவுடன் அம்மா எழுந்து போனது நிஜம்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் அதை உறுதி செய்தது. எஞ்சின் மாற்றினால் முறையாக அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது எஞ்சின் எண்ணைத்தான்.

2 டிசம்பர் 2024

புதுப் பாடி பற்றி. டப்வாலி ஆட்கள் திறமைசாலிகள், அதில் சந்தேகமில்லை. கேள்வி அவர்கள் திறமை பற்றியதல்ல. உங்கள் அப்பா கை வைத்துத் தேய்ந்த கம்பி எந்தப் பாடியில் இருக்கிறது என்பதுதான். அழுகிய தரையை மட்டும் வெட்டிப் புதுத் தகடு வைக்கலாம்.

15 டிசம்பர் 2024

ஸ்பேனர் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க. இந்த வண்டிக்கு இரண்டு செட் வேண்டும். எஞ்சினில் மில்லிமீட்டர் போல்ட். சேஸ், ஆக்சில், கியர் பக்கம் இஞ்ச் போல்ட்: அரை, ஒன்பது பதினாறு, முக்கால். முன்பு சொன்ன பிரெஞ்சு-அமெரிக்கக் கலப்பு இங்கே கைக்குத் தெரியும். 13 எண் ஸ்பேனர் அரை இஞ்ச் போல்டில் போகும், ஆனால் கொஞ்சம் லூசாக நிற்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் தலை உருண்டுவிடும். நான் இப்படி எட்டு போல்டைக் கெடுத்தேன். எட்டுக்கும் மேலே நட்டை வைத்து வெல்டிங் அடித்துத்தான் எடுக்க முடிந்தது.

இன்னொன்று. எங்கள் வண்டியில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் தலைகீழ் மரை. பழைய வில்லிஸ் பழக்கம். சக்கரம் சுற்றும் திசையில் நட்டு தளர்ந்துவிடக் கூடாது என்று ஒரு பக்கம் மட்டும் இடது மரை வைத்தார்கள். எனக்குத் தெரியாது. ஒரு மீட்டர் பைப்பைச் சொருகி முழு பலத்தில் இழுத்தேன், நட்டு மாட்டும் ஸ்டட் முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. மூன்றாவதுக்கு முன் பாய் வந்துவிட்டார்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா காலத்திலிருந்து இந்த ஜீப்பைப் பார்த்த மெக்கானிக், எழுபது வயதைத் தாண்டியவர். கடையை மூடிவிட்டார். வேலை செய்ய மாட்டேன், உட்கார்ந்து சொல்கிறேன் என்று வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லியே முழு வண்டியையும் என் கையால் செய்ய வைத்தார். உடைந்த ஸ்டட்டைப் பார்த்துவிட்டு, "முதலாளி இதை உனக்குச் சொல்லலையா?" என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அப்பா இருந்த காலத்தில் எனக்கு அந்த ஜீப் பிடிக்காது. டீசல் நாற்றம், பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டால் வெட்கம்.

5 ஜனவரி 2025

துரு. இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன், என் பெரிய தவறு இதில்தான் இருக்கிறது.

2020-ல் எஞ்சினைத் தொடும் முன்பே நான் பெயிண்ட் அடித்துவிட்டேன். வண்டி பார்க்க நன்றாக இருந்தால் வேலை செய்ய உற்சாகம் வரும் என்று நினைத்தேன். அழகாகத்தான் இருந்தது. எட்டு மாதம் கழித்துத் தரையில் தகடு வைக்க வெல்டிங் அடித்தபோது ஒரு பக்கம் முழுக்கக் கொப்புளித்துக் கருகியது. அதைவிட மோசம், பட்டி போட்டு மூடிய இடங்களில் உள்ளே துரு ஓடிக்கொண்டே இருந்தது. கூலியும் பெயிண்டும் அப்படியே போயிற்று. ஆகவே வரிசை இதுதான்: காகிதம், பிரேக், டேங்க், எஞ்சின், கியர், ஸ்டீயரிங், வயரிங், வெல்டிங். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

பின் தரை ஏன் மற்ற இடத்தைவிட அதிகம் அழுகியிருந்தது என்று டிங்கரிங் அண்ணன்தான் கண்டுபிடித்தார். முப்பது வருடம் அப்பா உர மூட்டை ஏற்றினார். பொட்டாஷ் என்பது உப்பு. சிந்தியது மூலைகளில் தங்கி, மலை ஈரத்தைக் குடித்து, தகட்டைத் தின்றிருக்கிறது. உங்கள் ஜீப்பும் தோட்டத்து வண்டி, பின் மூலைகளை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெட்ட வேண்டியதுதான். சேஸ் கட்டையை சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே வாருங்கள், முக்கியமாகப் பட்டை (இலை இலையாக அடுக்கிய ஸ்பிரிங்) மாட்டும் இடங்களில். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அழுகியது மொத்தென்று கேட்கும்.

சின்னப் பாகங்களுக்கு நான் கரண்ட் முறை வைத்தேன். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், சலவைச் சோடா, பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்தில் நெகட்டிவ், வேண்டாத இரும்புத் துண்டில் பாசிட்டிவ். ஒரு ராத்திரி விட்டால் துரு கறுப்பாக உதிர்ந்துவிடும், நல்ல இரும்பு தேயாது. திறந்த வெளியில் செய்யுங்கள், ஹைட்ரஜன் வாயு வரும், பீடி சிகரெட் பக்கத்தில் கூடாது. அதன் பிறகு அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு அடிக்க வேண்டும். மறுநாள் விட்டால் மறுபடி பழுத்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, எனக்கு நடந்தது. சேஸ் எண் பொறித்த இடத்தை கிரைண்டர் போட்டுத் தேய்த்துவிட்டேன். எண் முழுசாகப் போகவில்லை, இரண்டு இலக்கம் மங்கிவிட்டது. ஆர்.சி. புதுப்பிக்கும்போது அந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கச் சொன்னார்கள். அச்சில் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. அதற்காக நான் பட்ட பாடு இங்கே எழுதி முடியாது. அந்த இடத்தில் கையால் உப்புத்தாள் கூட அழுத்தித் தேய்க்காதீர்கள். துணியும் மண்ணெண்ணெயும் போதும்.

8 ஜனவரி 2025

கரண்ட் முறைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு பயன்படுத்தினேன், கரையவே இல்லை, அருமை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து நிறுத்துங்கள். அதில் இருக்கும் குரோமியம் தண்ணீரில் கலந்து நஞ்சாகும். அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றவும் கூடாது. சாதாரண இரும்புக் கம்பித் துண்டு போதும். இதை 5-ஆம் தேதியே நான் சொல்லியிருக்க வேண்டும்.

2 பிப்ரவரி 2025

டிரான்ஸ்ஃபர் கியர் (இழுவையை முன் பின் ஆக்சிலுக்கு அனுப்பும் பெட்டி) பற்றிக் கேள்வி வந்திருக்கிறது: "கியர்பாக்ஸில் ஆயில் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை, எங்கே போகிறது?"

எனக்கும் இதே மர்மம். ஆயில் ஊற்றுவேன், இரண்டு வாரத்தில் குறையும். எஞ்சின் பக்கம் கிளட்ச் ஹவுசிங்கில் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. பாய் சிரித்துவிட்டு, பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் மூடியைத் திற என்றார். திறந்தால் ஆயில் பொங்கிக் கொட்டியது. கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபரும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, நடுவில் தேய்ந்த சீல் வழியாக ஆயில் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போய்விடுகிறது. இந்த ஸ்பைசர் 18 வகை டிரான்ஸ்ஃபரில் உலகம் முழுக்கப் பழைய ஜீப்காரர்கள் பார்ப்பதுதான் இது. இரண்டிலும் அளவு பார்க்க வேண்டும், இரண்டிலும் ஒரே ஆயில் இருக்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபர் ஊளையிட்டால், உள்ளே நடுவில் இருக்கும் ஷாஃப்டும் அதன் ஊசி பேரிங்கும் தேய்ந்திருக்கும். எனக்கு ஷாஃப்டில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். புதிது சென்னை புதுப்பேட்டையில் தேடிக் கிடைக்கவில்லை, கடைசியில் டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்து வரவழைத்தேன். ஊசி பேரிங்கை கிரீஸில் ஒட்டி வைத்து ஷாஃப்டை நுழைக்க எனக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று. பொறுமை இல்லாத நாளில் இதைத் தொடாதீர்கள்.

3 பிப்ரவரி 2025

என்ன ஆயில் என்று நேற்று எழுதவில்லை. கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் ஜிஎல்-4 ரக கியர் ஆயில். முன் பின் ஆக்சிலுக்கு ஜிஎல்-5. எல்லாம் 90 நம்பர்தானே என்று கடைக்காரர் ஒரே டின்னைத் தருவார். ஜிஎல்-5-ல் சேர்க்கும் ரசாயனம் கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்கு ஆகாது.

23 மார்ச் 2025

தண்டிக்குடித் தம்பி எஞ்சினைக் கையால் சுற்றிவிட்டார் என்று எழுதியிருக்கிறார். படித்ததும் அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அவர் கேட்டது: "ஃபோர் வீல் லீவர் அசையவே இல்லை. உடைந்துவிட்டதா?" பெரும்பாலும் உடைந்திருக்காது, இறுகியிருக்கும். பல வருடம் போடாமல் விட்டால் கம்பி துருப்பிடித்துவிடும். இரண்டு மூன்று நாள் எண்ணெய் ஊற்றி ஊறவையுங்கள், வண்டியை ஒரு ஆள் முன்னும் பின்னும் தள்ளும்போது லீவரை மெல்ல அசையுங்கள். சுத்தியல் வேண்டாம்.

ஓட ஆரம்பித்த பிறகு மாதம் ஒரு தடவை மண் பாதையில் போட்டு ஓட்டுங்கள். தார் ரோட்டில் போடாதீர்கள். திருப்பத்தில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் போகிறது. இந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. மண்ணில் சக்கரம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க முடியாது, முறுக்கு எல்லாம் கியருக்குள் ஏறும், லீவர் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் சில அடி ரிவர்ஸ் எடுங்கள், விட்டுவிடும். லோ போட வேண்டுமென்றால் முதலில் ஃபோர் வீல் விழுந்திருக்க வேண்டும். இழுவை 2.46 மடங்கு கூடும் லோவில், அத்தனையும் பின் ஆக்சிலுக்கு மட்டும் போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

அப்பா தோட்டம் பூப்பாறைக்கு அந்தப் பக்கம். போடி மெட்டு வரை 17 கொண்டை ஊசி, அது தார் ரோடு. மெயின் ரோட்டை விட்டு இறங்கிய பிறகு இரண்டு கிலோமீட்டர் செம்மண்ணும் பாறையும். ஆடி மாதத்தில் அந்த இரண்டு கிலோமீட்டருக்குத்தான் ஃபோர் வீல். பறிப்புக்கு வரும் அக்காமார் எட்டுப் பேர் பின்னால், ஏணிப் படி மாதிரி இருக்கும் ஏற்றத்தில் அப்பா லோ போட்டுவிட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக ஏறும். "நீ ஒண்ணும் செய்யாதே, அதுவே போகும்" என்பார். அப்போது அதன் கணக்கு எனக்குப் புரியவில்லை. கியருக்குள் கை விட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

11 மே 2025

ஸ்டீயரிங் ஆட்டம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் முன் சக்கரம் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்கிறதா? எல்லாரும் முதலில் ஸ்டீயரிங் பாக்ஸைச் சந்தேகப்படுவார்கள். நானும் அதைத்தான் இறுக்கினேன், பயனில்லை. முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்தான் லூஸ். அதில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும், ஒன்றிரண்டை எடுத்து இறுக்கம் வைக்க வேண்டும். மீன்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசால் இழுத்து இறுக்கத்தைப் பார்க்கலாம், பாய் அப்படித்தான் சொல்லித் தந்தார்.

திறந்த வேளையில் முன் ஆக்சில் முனையில் இருக்கும் உருண்டையின் சீலையும் மாற்றிவிடுங்கள். அது போனால் கிரீஸ் டிரம்முக்குள் வந்து பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும்.

12 மே 2025

பட்டைக்கு ஒரு இலை கூடுதலாக வைக்கலாமா என்றவருக்கு: நான் வைத்தேன். வண்டி உயரமாகக் கம்பீரமாக நின்றது, என் முதுகு உடைந்தது. எடுத்துவிட்டேன். பட்டறையில் பழைய இலைகளுக்கே வளைவு ஏற்றிக் கொடுத்தார்கள், அதுவே போதுமாக இருக்கிறது.

6 செப்டம்பர் 2025

போன நவம்பரில் ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய் என்று எழுதியிருந்தேன். அது இப்போது சரியில்லை. போன மாதம் மத்திய அரசு மாற்றிவிட்டது: 20 வருடம் தாண்டிய கார், ஜீப்புக்கு 10,000. இதைக் கேட்டதும் ஒருவர், அப்படியானால் பழைய இரும்புக்கே போட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறார். ஐந்து வருடத்துக்கு 10,000 என்றால் மாதம் 170 ரூபாய்க்குள். எங்கள் வீட்டில் அதை அப்பாவுக்குப் படைக்கும் செலவில் சேர்த்துக்கொண்டோம்.

19 அக்டோபர் 2025

நாளை தீபாவளி. அக்கா கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறார். இதை எழுத வேண்டும் என்று தோன்றியது, ஜீப் வேலைக்கு உதவாது என்றாலும்.

ஆட்சேபம் இல்லை என்று அக்கா கையெழுத்துப் போட்ட அன்று ஒரு நிபந்தனை வைத்தார்: ஹாரனை மாற்றக் கூடாது. கரகரவென்று தொண்டை கட்டிய மாதிரி ஒலிக்கும் பழைய ஹாரன். நான் அதைக் கழற்றித் துரு எடுத்து, உள்ளே இருக்கும் ஸ்குரூவைக் கொஞ்சம் திருகினேன், கணீரென்று ஆகிவிட்டது. பெருமையாகப் போனில் அடித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம் "அது அப்பா இல்லையே" என்றார். இரண்டு மணி நேரம் ஸ்குரூவை முன்னும் பின்னும் திருகிப் பழைய கரகரப்பைத் தேடிப் பிடித்தேன்.

இன்று மாலை ஜீப்பில் மெட்டு வரை போய்வந்தோம். அக்கா முன் சீட்டில், அப்பா சைக்கிள் ட்யூப் சுற்றி வைத்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. அந்த ட்யூபை நான் மாற்றவில்லை. ஒன்பதாவது வளைவில் எதிரே பஸ் வந்தது, ஹாரன் அடித்தேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், கொஞ்ச நேரம் பேசவில்லை.

போன மாதத்திலிருந்து பாய் படுக்கையில் இருக்கிறார். திரும்பும் வழியில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டேன். உள்ளேயிருந்து ஆள் அனுப்பினார்: மூணாவது நாசில் சொட்டுது, பார்க்கச் சொல்.

26 அக்டோபர் 2025

மூன்றாவது நாசில்தான். சொட்டியது.

14 டிசம்பர் 2025

தம்பி, நீங்கள் போட்ட நாலு படத்தையும் பார்த்தேன். எஞ்சின் ஓடுகிறது, புகை வெள்ளையாக வருகிறது என்கிறீர்கள். குளிர்ந்த எஞ்சினில் முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை வந்தால் பயப்பட வேண்டாம். சூடான பிறகும் நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். குறையாவிட்டால் ஹீட்டர் பிளக்கையும் நாசிலையும் பாருங்கள்.

டயர் பக்கச் சுவரில் வெடிப்பு தெரிகிறது. பட்டன் (டயரின் மேடு) எவ்வளவு இருந்தாலும் அதில் மலை இறங்காதீர்கள். 6.00-16 அளவு இன்னும் புதிதாகக் கிடைக்கிறது.

மூன்றாவது படத்தில் இடப்பக்க முன் சக்கரத்தில் பைப்பைச் சொருகி நிற்பது உங்கள் தம்பியா? அவர் நிற்கும் நிலையைப் பார்த்தால் வழக்கமாகக் கழற்றும் திசையில் இழுக்கத் தயாராக இருப்பது போலத் தெரிகிறது. நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் ஸ்டட் முனையைத் துடைத்து, அதில் எல் என்று பொறித்திருக்கிறதா, மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். இடது மரை என்றால் கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும்.